வாசலுக்கு வரும் 300 எம்பிபிஎஸ் மச்சுக்கு ஏன் ஏறவில்லை?

நெல்லை டவுனில், ரத வீதிக்குப் பின்புறமுள்ள ஒரு வளவில் (சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளின் தொகுதியில்) வசிக்கும் வாசகி ஒருவர், பெயரும் தெருவும் வெளியே வர வேண்டாம் என்ற கோரிக்கையுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சென்னை நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தே வேலை செய்யும் அவர், சில மாதங்களுக்கு முன் 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) இணைப்பிலிருந்து 300 எம்பிபிஎஸ் ஃபைபர் திட்டத்துக்கு மாறியிருக்கிறார். இணைப்புப் பெட்டி தார்சா எனப்படும் வீட்டின் முன்பகுதியில், இரும்பு அலமாரிக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அவருடைய வேலை அறை மச்சில், அதாவது மாடியில். அங்கே கைப்பேசியில் வேகச் சோதனை செய்தால் 22 முதல் 30 வரைதான் காட்டுகிறது. முன்பே இழுத்து வைத்திருந்த பழைய லேன் வயரை மடிக்கணினியில் மாட்டினால் எப்போது பார்த்தாலும் 94. கோப்புகள் நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் இறங்குவதில்லை. மாலை 7 மணிக்குப் பிறகு காணொளிக் கூட்டங்களில் குரல் அறுந்து அறுந்து போவதால், மேலாளர் இரண்டு முறை கடிந்துகொண்டிருக்கிறார்.

ஆனித் தேரோட்டத்துக்காகக் கேபிள்களை அவிழ்த்துத் திரும்பக் கட்டியதில் ஏதோ கெட்டுவிட்டது என்பது அவருடைய சந்தேகம். கேபிள்காரர் 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்கிறார். வண்ணார்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் பூஸ்டர் வாங்கச் சொல்கிறார். பாத்திரக் கடை நடத்தும் கணவரோ, பில்லைக் கட்டாமல் நிறுத்திவிட்டு நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறார். இவற்றுக்கு நடுவே, எதிர் வீட்டு அக்காவின் மகன் போட்டித் தேர்வுக்குப் படிக்க இவர்களுடைய வைஃபையைப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை. இரவு பத்தரைக்குப் பெட்டியை அணைத்துவிடும் மாமனாரிடமும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நிறுவனம் ஏமாற்றுகிறதா, எந்த வழியில் போவது என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எண்களைக் குறித்து எழுதியது எனக்குப் பெரிய உதவி. "நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் பொதுவாக ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். உங்கள் கடிதத்தில் உள்ளவற்றை வைத்துப் பார்க்கும்போது, நிறுவனம் ஏமாற்றுகிறது என்பதற்கு இதுவரை ஒரு சான்றும் இல்லை. உங்கள் வீட்டுக்குள்ளேயே மூன்று தடைகள் இருப்பதற்கான சான்று மட்டும் தெளிவாக இருக்கிறது. நெல்லைக் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டாலும் வயலுக்குள் பாய்வது மடையின் அளவுக்குத்தான். நீங்கள் கால்வாயைப் பெரிதாக்கியிருக்கிறீர்கள். மடை பழைய மடையாகவே இருக்கிறது.

94 என்ற எண் சொல்வது

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் வேகச் சோதனையில் 94 அல்லது 95 என்று அசையாமல் நிற்கும் எண்ணைப் பார்த்தால், மேற்கொண்டு விசாரிக்காமல் நேராக வயரைத்தான் பார்ப்போம். லேன் வயருக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு அவற்றில் இரண்டு ஜோடிகள் போதும்; 1000 எம்பிபிஎஸ், அதாவது கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் முழுமையாக வேலை செய்ய வேண்டும். 100-க்குத் தேவைப்படாத மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலும், கிளிப்புக்குள் சரியாக அழுந்தாமல் இருந்தாலும், இரு முனைக் கருவிகளும் தமக்குள் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. அந்த 100-லும் தரவுப் பொதிகளின் தலைப்புகளுக்கு (முகவரிக் குறிப்புகளுக்கு) ஒரு பங்கு போக, சோதனையில் தெரிவது 94 சொச்சம். 50 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருந்தவரை இந்தக் குறை வெளிப்பட வாய்ப்பே இல்லாமல் இருந்தது.

கோப்பு நொடிக்கு 11 மெகாபைட்தான் இறங்குகிறது என்பதை இரண்டாவது ஏமாற்றாக எழுதியிருக்கிறீர்கள். அது அதே 94-தான். திட்டங்களின் வேகம் மெகாபிட் கணக்கில் சொல்லப்படுகிறது, கோப்பின் அளவு மெகாபைட் கணக்கில். எட்டு பிட்டுகள் ஒரு பைட். 94-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள். 300 எம்பிபிஎஸ் முழுதாகக் கிடைத்தாலும் நொடிக்கு 37 மெகாபைட்டைத் தாண்டாது.

ஆகவே முதல் வேலை இது. மடிக்கணினியைத் தார்சாவுக்கு எடுத்துச் சென்று, ஒரு மீட்டர் நீளமுள்ள புது லேன் வயரால் பெட்டியோடு நேரடியாக இணையுங்கள். மடிக்கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பின் வேகம் 1000 என்று காட்டி, சோதனையில் 280-க்குப் பக்கத்தில் வந்தால், குற்றவாளி மச்சுக்குப் போகும் வயர். அப்போதும் 94 என்றால், பெட்டியின் வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். சில பெட்டிகளில் ஒரு துளை மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100 ஆகவும் இருக்கும். மடிக்கணினியின் துளையே பழைய வகையாக இருக்கவும் கூடும்.

வயர்தான் குற்றவாளி என்றால், முதலில் இரு முனைக் கிளிப்புகளையும் வெட்டிவிட்டுப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அத்துடனேயே சரியாகிவிடும். நடுவே எங்காவது கம்பிகளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அந்த வயரைக் காப்பாற்ற முயலாதீர்கள், முழுவதையும் மாற்றிவிடுங்கள். கேட் 6 வயர் வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்புப் பூச்சுப் பூசியது விலை குறைவாகக் கிடைக்கிறது, ஆனால் வளைத்த இடத்தில் முறிந்துவிடும். மின்சார வயர் போகும் அதே குழாய்க்குள் லேன் வயரை விடச் சொல்லி எலக்ட்ரீசியன் யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வளவு வீடும் வைஃபையும்

கைப்பேசியில் 22 காட்டுவது வேறு கதை. உங்கள் பெட்டி இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரை ஓரளவு துளைக்கும், ஆனால் வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த சுவரைக் கண்டால் தளர்ந்துவிடும். டவுனில் உள்ள பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் ஒன்றரை அடிக்குக் குறைவதில்லை. தார்சாவில் உள்ள பெட்டியிலிருந்து பட்டாசல் (கூடம்), இரண்டாங்கட்டு எல்லாம் கடந்து மச்சுக்கு ஏறுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தேய்ந்துபோக, உங்கள் கைப்பேசி தானாகவே 2.4-க்கு மாறிக்கொள்கிறது. பெட்டிக்கு முன்னால் இரும்பு அலமாரி வேறு. இரும்பு அலையை விடாது, திருப்பியனுப்பும்.

அந்த 2.4-இல்தான் வளவு முழுவதும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அருகருகே இயங்கக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். சுவரோடு சுவராக ஒட்டிய ஏழெட்டு வீடுகளின் பெட்டிகள் அந்த மூன்றைப் பங்கு போட வேண்டும். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை வாயை மூடிக் காத்திருக்க வேண்டும். மாலையில் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சியும் கைப்பேசிகளும் இயங்கத் தொடங்கியதும் உங்கள் முறை தாமதமாகத்தான் வருகிறது. இதற்கும் நீங்கள் எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

செலவில்லாமல் செய்யக்கூடியவை இரண்டு. பெட்டியை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து, ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த சுவரில் மாட்டச் சொல்லுங்கள். ஃபைபர் இழையைக் கூர்மையாக மடிக்கக் கூடாது என்பதால் இதைக் கேபிள்காரரின் ஆளைக் கொண்டே செய்யுங்கள். அடுத்து, இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, தார்சாவிலும் பட்டாசலிலும் உள்ள தொலைக்காட்சியையும் கைப்பேசிகளையும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் மட்டும் சேருங்கள்.

மச்சுக்கு உண்மையான தீர்வு, சரிசெய்த லேன் வயரின் மேல் முனையில் இரண்டு அலைவரிசையுள்ள ஒரு சிறிய ரவுட்டரை மாட்டி, அதை ஆக்சஸ் பாயின்ட் முறையில், அதாவது வயரில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும்படி, இயக்குவது. மூவாயிரம் ரூபாய்க்குள் முடியக்கூடிய வேலை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: டப்பாவின் மேல் 1200 என்று பெரிதாக அச்சிட்டிருந்தாலும், பின்பக்கத் துளைகள் 100 வேகத்திலேயே நிற்கும் ரவுட்டர்கள் சந்தையில் நிறைய உண்டு. "கிகாபிட் போர்ட்" என்று அட்டையில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் 94-தான்.

கடைக்காரர் சொன்ன பூஸ்டர் வேண்டாம். பெரும்பாலான பூஸ்டர்கள் கீழிருந்து வரும் அலையை வாங்கி, அதே அலைவரிசையில் திரும்ப ஒலிபரப்புகின்றன. ஒவ்வொரு தரவும் காற்றில் இரண்டு முறை பயணிப்பதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். தேய்ந்துபோன அலையை வாங்கித் தேய்ந்துபோன வேகத்தைத்தான் தர முடியும். கைப்பேசியில் கோடுகள் முழுதாகத் தெரியும் என்பதால் வாங்கியவர்கள் திருப்தியாகவும் இருக்கிறார்கள்.

குரல் அறுபடுவது வேகக் குறைவால் அல்ல

உங்கள் வேலையைப் பாதிப்பது இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். காணொளிக் கூட்டத்தில் குரலுக்குத் தேவைப்படுவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் மிகச் சிறிய பங்கு. படத்தையும் சேர்த்து, முழு எச்டி தரத்துக்கே 4 எம்பிபிஎஸ் போதும். உங்கள் மோசமான நேரத்திலும் 22 இருக்கிறது. அப்படியிருந்தும் குரல் அறுபடுகிறது என்றால், பொதிகள் வந்து சேரும் நேரம் சீராக இல்லை என்று பொருள். வேகம் வேறு, தாமதம் வேறு. திட்டத்தின் பெயரில் முன்னது மட்டும்தான் அச்சிடப்படுகிறது.

தாமதம் எங்கே ஏற்படுகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அதன் முகவரி, 192.168.1.1 என்பது போல, இருக்கும். மாலை எட்டு மணிக்கு, வைஃபையில் இணைந்த மடிக்கணினியில் ஒரு சாளரத்தில் அந்த முகவரிக்கும், மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் தொடர்ந்து பிங் கட்டளை (பொதி போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுவது) கொடுத்து, ஐந்து நிமிடம் பாருங்கள். உங்கள் பெட்டிக்கான எண்ணே சில மில்லிநொடியிலிருந்து நூறு, இருநூறு என்று துள்ளினால், நெரிசல் உங்கள் வைஃபையில். அது அசையாமல் இருந்து, வெளி முகவரிக்கான எண் மட்டும், அதுவும் வீட்டில் யாரோ எதையோ ஏற்றும்போது மட்டும் துள்ளினால், மேலேற்றும் பாதையில் வரிசை நீள்கிறது. வீட்டில் ஒருவரும் பயன்படுத்தாதபோதும் வெளி எண் துள்ளினால், அப்போதுதான் நிறுவனத்தின் பக்கம் விரல் நீட்ட வேண்டும்.

இந்த மூன்றில் நடுவில் சொன்ன மேலேற்றும் பாதைதான் காரணம் என்பது என் ஊகம். கணவர் கடையில் சரக்கைப் படமும் காணொளியும் எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கு வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு வைஃபையைத் தொட்டவுடன் கைப்பேசி அவற்றையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கிவிடும். உங்கள் திட்டத்தில் மேலேற்றும் வேகமும் 300-தானா அல்லது அதைவிடக் குறைவா என்று பாருங்கள். குறைவானால் பாதிப்பு கூடும். சார்ஜ் ஏறும்போது மட்டும் ஏற்றுமாறு கைப்பேசியில் அமைக்க முடிந்தால் இந்த வேலை படுக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போகும். ஆனால் பத்தரைக்குப் பெட்டி அணைந்துவிட்டால் ஏற்றம் நடக்கவே நடக்காது, மறுநாள் மாலைக்குச் சேர்ந்துகொள்ளும். மாமனாரிடம் அணைக்க வேண்டாம் என்று சொல்வதைவிட, பன்னிரண்டு மணிக்கு வைஃபை தானாக நின்றுவிடும்படி பெட்டியில் நேரம் வைத்துத் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். தம் கையால் எழுந்து அணைக்கும் வேலை மிச்சம் என்பதால் அவர் ஒப்புக்கொள்ள வாய்ப்புண்டு.

அலுவலக விபிஎன் (அலுவலக நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வழி) வழியாக வேலை செய்தால், சோதனையை விபிஎன்னைத் துண்டித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். அது இயங்கும்போது வரும் எண் உங்கள் அலுவலகச் சர்வரின் கொள்ளளவையே காட்டக்கூடும். மேலாளரிடம் கேட்டு, அலுவலக வேலை மட்டும் விபிஎன் வழியாகவும் கூட்டங்கள் நேரடியாகவும் போகும்படி அமைக்க முடியுமா என்று பாருங்கள்.

தேரோட்டச் சந்தேகத்தை இரண்டு வரிகளில் முடித்துவிடுகிறேன். ஃபைபர் இழை எங்காவது இறுகி மடிந்திருந்தால் வழக்கமாக இணைப்பு அடிக்கடி அறுந்து சிவப்பு விளக்கு எரியுமே தவிர, நாள் முழுவதும் சீராக 94 காட்டிக்கொண்டிருக்காது. ஐயம் தீர வேண்டுமானால், கேபிள்காரரின் ஆளிடம் பவர் மீட்டரால் இழையில் வரும் ஒளியின் பலத்தை அளக்கச் சொல்லுங்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, மைனஸ் 27-ஐ நெருங்கினால் இழையைத் திருத்த வேண்டும்.

500-க்குப் போவதும், பில்லை நிறுத்துவதும்

500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறாதீர்கள். ஒரு 4கே தொலைக்காட்சிக்கு 15 முதல் 25, எச்டியில் படம் பார்க்கும் கைப்பேசி ஒவ்வொன்றுக்கும் 5, உங்கள் கூட்டத்துக்கு 4 என்று கூட்டினால், எதிர் வீட்டுத் தம்பியைச் சேர்த்தும் 60-ஐத் தாண்டுவது கடினம். வீட்டுக்குள் உள்ளதைச் சரிசெய்த பிறகு, அடுத்த புதுப்பிப்பில் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினாலும் உங்களுக்குக் குறை தெரியாது என்றே நினைக்கிறேன். பெரிய கோப்புகளை அடிக்கடி இறக்குவீர்களானால் 300 இருக்கட்டும்.

பில்லைக் கட்டாமல் நிறுத்தும் யோசனையை உங்கள் கணவர் கைவிட வேண்டும். இணைப்பு துண்டிக்கப்பட்டால் முதலில் நிற்பது உங்கள் வேலை. பெட்டி பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமை என்பதால் அதற்கும் சேர்த்து நிலுவை எழுதுவார்கள். வழக்கு என்று போனால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். அதோடு, உங்கள் வயரில் எடுத்த 94-ஐ ஆதாரமாக வைத்தால், அவர்களுடைய பொறியாளர் பெட்டியருகே 280-ஐக் காட்டி ஐந்து நிமிடத்தில் மனுவை உடைத்துவிடுவார். திட்டத்தின் விளம்பரத்தில் "300 வரை" என்று இருப்பதையும், குறிப்பிட்ட ஜிபி தீர்ந்ததும் வேகம் குறையும் என்ற நிபந்தனையையும் படித்துவையுங்கள்.

உரிமை இல்லை என்று சொல்லவில்லை. பெட்டியில் நேரடியாக வயர் மாட்டி, காலை, மாலை, இரவு என ஒரு வாரம் எண்களை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துவையுங்கள். ஒரு ஃபைபர் இழையின் ஏறக்குறைய 2.5 கிகாபிட் கொள்ளளவைப் பொதுவாக 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகையால் காலையில் 280-ஆக இருப்பது இரவு ஒன்பதுக்கு 60 ஆவது நாள்தோறும் நடந்தால், நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். அப்போது கேபிள்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்புவது புகாராகாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். தீராவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுதலாம், கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்பது டிராயின் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின்) ஒழுங்குமுறை. டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால் அங்கே மனு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். நாள்கணக்கில் இணைப்பே இல்லாமல் போனால் வாடகையில் கழிவு கேட்கவும் விதிகளில் இடமுண்டு.

அதற்கும் மேலே, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புத் தகராறுகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாக்கிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எதிர் வீட்டுப் பிள்ளை

படிக்கிற பிள்ளை பாடக் காணொளி பார்ப்பதால் உங்கள் வேகம் குறையவில்லை. அந்தப் பழியை அவன் மேல் போட வேண்டாம். ஆனால் கடவுச்சொல் ஒருவர் கையிலிருந்து நண்பர்கள் கைக்குப் போவது எளிது. உங்கள் இணைப்பின் வழியே யாராவது மோசடியோ மிரட்டலோ செய்தால், ஐபி முகவரி உங்கள் பெயரைத்தான் காட்டும்; காவல் துறை முதலில் உங்கள் வாசலுக்கே வரும். வீட்டுக்கு வெளியே பகிர்வதைப் பல நிறுவனங்களின் நிபந்தனைகளும் அனுமதிப்பதில்லை என்பதால், உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

நிபந்தனை இடம் கொடுத்தால், பெட்டியில் உள்ள விருந்தினர் நெட்வொர்க்கை இயக்கி, அதற்குத் தனிக் கடவுச்சொல்லும், வசதி இருந்தால் 10 எம்பிபிஎஸ் வரம்பும் வைத்து, அதை மட்டும் அவனுக்குக் கொடுங்கள். உங்கள் மடிக்கணினியும் கடைக் கணக்கும் இருக்கும் பக்கம் அவன் கருவி எட்டிப் பார்க்க முடியாது. முதன்மைக் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். "ஆபீஸில் பாதுகாப்புக்காக மாற்றச் சொல்லிவிட்டார்கள் அக்கா, தம்பிக்குத் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன்" என்று சொன்னால் அவர்கள் மனம் கோண மாட்டார்கள். அது பொய்யும் அல்ல, வீட்டிலிருந்து வேலை செய்பவர்களிடம் அலுவலகங்கள் கேட்பதுதான். இடம் கொடுக்காவிட்டால், அதையே காரணமாகச் சொல்லி, தேர்வு முடியும் வரை பாடக் காணொளிகளை உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து இறக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

தார்சா சோதனையின் எண்ணையும், எட்டு மணிப் பிங் எண்களையும் எடுத்த பிறகு எழுதுங்கள். வயரை மாற்றியும் இரவு எண்கள் மட்டும் சரிந்தால், புகார் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்; மேல்முறையீட்டில் எதை எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.